தூதரக ஊழியரின் மொழித்திறனை எதை வைத்து அளப்பது? எம்.பி.க்கான மனு, விவரம் தெரிந்தவர்கள் வரவும்

வள்ளவிளை_வலை:

வளைகுடாவிலும் ஈரான் பக்கத்திலும் மீன்பிடித் தொழில் செய்யும் நம்ம குமரி மாவட்டக் கரை ஆட்களுக்காக எம்.பி.க்குக் கொடுக்க ஒரு மனு எழுதிட்டிருக்கோம். இப்போதைக்கு அதில் இருக்கிற வரி இது: "தூதரகங்களில் பணிபுரிவோருக்கு அந்நாட்டு மொழியும் தெரிவதில்லை, தமிழும் தெரிவதில்லை. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்." இப்படியே கொடுத்தா "கவனத்தில் கொள்ளப்பட்டது"ன்னு ஒரு கடிதம் வரும், அதோட முடிஞ்சுபோகும்.

எந்தப் பணியிடத்துக்கு எந்த மொழி, எந்த அளவுக்கு வேணும், யார் சோதிக்கணும், ஆண்டு மதிப்பீட்டில் அது எங்கே ஏறணும்னு துல்லியமா எழுதணும். தெரிஞ்சதை எழுதுங்க. சொந்த அனுபவங்களுக்கு வேறொரு இழை இருக்கு, இங்கே வேண்டாம்.

தக்கலை_தஸ்தாவேஜு:

"தூதரக அதிகாரி"ங்கற ஒரே சொல்லை முதல்ல பிரிச்சு எழுதுங்க. அங்கே மூணு வகை ஆட்கள். மூணுக்கும் மொழி விதி வேற.

முதலாவது, ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகி வர்றவங்க முசௌரியிலும், டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்திலும் பயிற்சி முடிச்ச பிறகு ஆளுக்கொரு அயல்மொழி ஒதுக்கப்படும். அந்த மொழி பேசுற நாட்டுக்கு மூன்றாம் செயலரா போய், அங்கேயே படிச்சுத் தேர்வெழுதணும். தேறினாத்தான் பணி உறுதி. அரபி கிடைச்சவங்க பலர் கெய்ரோவுக்குப் போவாங்க. ஆக இவங்களுக்குப் பயிற்சியே இல்லைன்னு எழுதினா அது தப்பு, மனுவோட மதிப்பு முதல் பத்தியிலேயே போயிடும்.

இரண்டாவது, டெல்லி தலைமையகத்திலிருந்து போற பிரிவு அலுவலர்களும் உதவியாளர்களும். கட்டாய மொழித் தேர்வு நேரடி ஐ.எஃப்.எஸ். அதிகாரிக்குத்தான். இவங்க வழக்கமா மூணு வருஷம், கடினமான இடம்னா ரெண்டு வருஷம் இருந்துட்டு மாறிடுவாங்க.

மூணாவது, அந்த நாட்டிலேயே வேலைக்கு எடுக்கிற உள்ளூர்ப் பணியாளர்கள்: மொழிபெயர்ப்பாளர், தொழிலாளர் பிரிவு எழுத்தர், ஜவாஸாத்துக்கும் (கடவுச்சீட்டு, குடியேற்ற அலுவலகம்) மக்தப் அமலுக்கும் (தொழிலாளர் அலுவலகம்) போய் வர்றவர். நம்ம ஆள் ஒருத்தர் சவூதியில் ஜுபைலில் பிடிபட்டா காவல் நிலையத்துக்கு முதல்ல போன் போடுறது பெரும்பாலும் இந்த மூணாவது வகை ஆள்தான். மொழி அதிகமா வேலை செய்யற இடம் அது. மதிப்பீடு குறைவா எட்டுற இடமும் அதுதான்.

மணக்குடி_மணல்:

தஸ்தாவேஜு அண்ணே, மதிப்பீடு எட்டலைன்னா என்ன அர்த்தம்? எல்லா மத்திய அரசு ஊழியருக்கும் ஆண்டறிக்கை உண்டுதானே?

கோட்டாறு_கணக்கர்:

உண்டு, டெல்லியிலிருந்து போனவங்களுக்கு. அதுக்குப் பேரு ஏ.பி.ஏ.ஆர்., ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. முதல்ல ஊழியரே தன் வேலையை எழுதுவார். நேர் மேலதிகாரி மதிப்பெண் போடுவார், அதுக்கு மேலே மறுஆய்வு அதிகாரி. 1 முதல் 10 வரை மதிப்பெண். செய்து முடிச்ச வேலைக்கு 40 விழுக்காடு, தனிப் பண்புகளுக்கு 30, பணித்திறனுக்கு 30. 8-க்கு மேலே போனா 'மிகச் சிறப்பு', 4-க்குக் கீழே போனா பதவி உயர்வுக் கணக்கில் சுழியம். 2008-ல் உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டணும். மறுப்புத் தெரிவிக்க அவருக்கு 15 நாள்.

சிக்கல் எங்கேன்னா, மேலதிகாரி அந்த ஊழியரை மூணு மாசமாவது நேரில் மேற்பார்த்திருந்தாத்தான் அறிக்கை எழுத முடியும். ஆட்கள் மாறிக்கிட்டே இருக்கிற தூதரகத்தில் ஒரே வருஷத்தில் ரெண்டு பேர் துண்டு துண்டா எழுதுற நிலை வரும். ரெண்டாவது, அந்த மேலதிகாரிக்கே அரபி தெரியாட்டா கீழே இருக்கிறவரோட அரபியை அவர் எப்படி அளப்பார்? அனுப்பின கடிதம் எத்தனை, முடிச்ச கோப்பு எத்தனைன்னுதான் எண்ண முடியும். அதனால் 'செய்து முடிச்ச வேலை' எண்ணிக்கையா மாறிடும், மொழி 'பணித்திறன்' பத்தியில் ஒரு வாக்கியத்தோட ஒதுங்கிடும். உள்ளூர்ப் பணியாளருக்கு இந்த அறிக்கையே கிடையாது. அவங்க ஒப்பந்தம் தனி.

2015-ல் வந்த 'மதத்', அதாவது வெளியுறவு அமைச்சகத்தின் இணையப் புகார் தளத்திலும் இதே தொல்லை. புகாருக்கு எண் கிடைக்குது, நிலை தெரியுது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவே மாட்டேன். ஆனா "காவல் துறைக்குக் கடிதம் அனுப்பப்பட்டது"ங்கறதும் ஒரு பதில்தான், "இன்ன நிலையத்தில் இருக்கிறார், இன்ன குற்றச்சாட்டு, அடுத்த வாய்தா இந்த நாள்"ங்கறதும் ஒரு பதில்தான். எண்ணிக்கையில் ரெண்டும் ஒண்ணு.

அரபி_அகராதி:

கணக்கர் சொன்ன கடைசி வரியைப் பிடிச்சுக்கங்க. மொழி போதலைன்னா ரெண்டாவது வகைப் பதில் வராது. ஏன்னு சொல்றேன்.

வகுப்பில் படிக்கிறது ஃபுஸ்ஹா, எழுத்து அரபி. கெய்ரோவில் இருந்து பேசிப் பழகினா எகிப்து வழக்கு ஒட்டிக்கும். தம்மாம் நிலையத்தில் போன் எடுக்கிற காவலர் பேசுறது வளைகுடா வழக்கு. "இப்போது" என்கிறதுக்கு ஃபுஸ்ஹாவில் 'அல்ஆன்', எகிப்தில் 'தில்வக்தி', வளைகுடாவில் 'அல்ஹீன்'. "வேண்டும்" என்கிறதுக்கு முறையே 'உரீது', 'ஆயிஸ்', 'அபி'. வாசிப்பில் 90 வாங்கினவரும் போனில் திணறுறது இதனாலதான். மறுபக்கம், 20 வருஷமா அங்கேயே இருக்கிற உள்ளூர்ப் பணியாளர் போனில் பிரமாதமா பேசுவார், ஆனா நீதிமன்றத் தாளை வாசிக்கத் தெரியாது. பேச்சுக்கும் வாசிப்புக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டா ரெண்டு குறையும் மறைஞ்சுபோகும்.

அடுத்தது, ஒரே சொல்லுக்கு ரெண்டு பொருள். 'தனாஸுல்': தொழிலாளர் அலுவலகத்தில் சொன்னா ஆளை வேற கஃபீலுக்கு (விசா ஆதரவாளரான முதலாளிக்கு) விட்டுக்கொடுக்கிறது, நீதிமன்றத்தில் சொன்னா வழக்கையோ உரிமையையோ கைவிடுறது. 'கஃபாலா': காவல் நிலையத்தில் ஜாமீன், விசா பேச்சில் ஆதரவாளர் முறை. 'முத்தஹம்' குற்றம் சாட்டப்பட்டவர், 'மஹ்கூம்' தண்டனை பெற்றவர். இந்த ரெண்டையும் மாத்திச் சொல்லிட்டா ஊரில் ஒரு குடும்பம் எந்த நிலையில் இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

எல்லாத்துக்கும் மேலே 'முகாலஸா'. கணக்குத் தீர்த்த சீட்டு, ஒரு பக்கத் தாள். அதில் 'இஸ்தலம்து ஜமீஅ முஸ்தஹக்காத்தி'ன்னு ஒரு வரி இருக்கும். "எனக்குச் சேர வேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன்." பாக்கிச் சம்பளத்தில் பாதியைக் கையில் கொடுத்து, ஊருக்கு டிக்கெட்டும் காட்டி, இதில் கைநாட்டு வாங்கிட்டா மீதிக்கு வழக்கு நிற்கிறது கஷ்டம். தூதரகத்திலிருந்து போற ஆள் இந்த ஒரு வரியைக் கண்டுபிடிச்சு, கையெழுத்துக்கு முன்னாடி தொழிலாளிக்குத் தமிழில் சொல்றாரா? சோதனையில் நான் முதல்ல வைக்கிற கேள்வி இதுதான்.

மார்த்தாண்டம்_மை:

ஈரானை விட்டுடாதீங்க. 2020 ஜூலை 1-ம் தேதி கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலஷ்வா பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது, அதில் நம்ம மாவட்ட மீனவர்கள் நிறைய. அங்கே மொழி பாரசீகம். எழுத்து அரபி மாதிரி தெரியும், ஆனா அரபி படிச்சவருக்கு அது புரியாது.

தேதியில் பெரிய குழி இருக்கு. சவூதித் தாளில் வர்ற ஹிஜ்ரி சந்திரக் கணக்கு, வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள். ஈரான் தாளில் வர்றதும் ஹிஜ்ரிதான், ஆனா சூரியக் கணக்கு, மார்ச் 20, 21 வாக்கில் வருஷம் பிறக்கும். சவூதியில் 1446 பிறந்தது 2024 ஜூலையில், ஈரானில் 1403 பிறந்தது 2024 மார்ச்சில். சவூதி அட்டவணையை வச்சு ஈரான் தேதியை மாத்தினா நாற்பது வருஷம் பின்னாடி போயிடும், அதனால் அந்தத் தப்பு உடனே தெரிஞ்சிடும். கண்ணில் படாம போறது மாசத் தப்புதான். ரபீஉல் அவ்வலை ரபீஉல் ஆகிர்னு வாசிச்சா வாய்தா ஒரு மாசம் தள்ளிப்போகும்.

எண்ணிலும் கவனம் வேணும். அரபி எண்ணில் ஐந்து நம்ம சுழியம் மாதிரி வட்டம், சுழியம் வெறும் புள்ளி. மங்கலான ஸ்கேனில் புள்ளி அழிஞ்சா 1200 ரியால் 12 ஆயிடும். 4, 5, 6 மூணுக்கும் பாரசீகத்தில் வடிவமே வேற.

முட்டம்_கலங்கரை:

கடல் எல்லை தாண்டின வழக்குகளுக்கு இன்னொண்ணு சேருங்க. ஒரு நாட்டின் பிராந்தியக் கடல் 12 கடல் மைல் வரை. பிடிபட்ட இடம் அறிக்கையில் ஜி.பி.எஸ். எண்ணா இருக்கும். அதை 26 பாகை 30 நிமிடம்னும் எழுதலாம், 26.30 பாகைன்னு தசமத்திலும் எழுதலாம். ரெண்டும் ஒண்ணு இல்ல. 26.30 பாகைன்னா 26 பாகை 18 நிமிடம். வித்தியாசம் 12 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், ஆக 12 கடல் மைல். பிராந்தியக் கடலோட முழு அகலம்! மொழிபெயர்ப்பவர் நிமிடக் குறியைப் புள்ளியா மாத்திட்டா, வெளியே நின்ன படகு உள்ளே வந்துடும். இது மொழிப் பயிற்சியா, கடல் பயிற்சியான்னு கேட்கக் கூடாது. மீனவர் வழக்கைக் கையாளும் பணியிடத்துக்கு இது ரெண்டும் ஒண்ணுதான்.

நாஞ்சில்_நடை:

எல்லாரும் அரபியைப் பற்றியே பேசுறீங்க. தமிழ்ப் பக்கம் என்ன நடக்குதுன்னு யாரும் கேட்கலை. என் பார்வையில் பாதித் தகவல் தொலையறது அங்கேதான்.

கடற்கரையில் "தொழிலுக்குப் போயிருக்கான்"னா மீன்பிடிக்கப் போயிருக்கான். கடல் பழக்கம் இல்லாத ஊரிலிருந்து வந்த எழுத்தர் "வேலைக்குப் போனார்"னு எழுதுவார். "தங்குகடலுக்குப் போனான்"னா பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிறது. அதை "தங்கியிருந்தார்"னு எழுதினா, அனுமதி முடிஞ்சும் தங்கினார்னு வாசிக்க இடம் வந்துடும். முதல் புகார் பெரும்பாலும் பங்குத்தந்தை கடிதமாகவோ, மனைவியின் வாட்ஸ்அப் குரல் பதிவாகவோதான் வரும். அந்தக் குரலைக் கேட்டு எழுதுறவருக்குக் கரை வழக்கு தெரியணும்.

விளவங்கோடு பக்கத்துக் கரை ஆட்கள் மலையாளத்திலும் சமாளிச்சுக்குவாங்க, தூதரகத்தில் மலையாளி எழுத்தர் இருந்தா காரியம் நடக்கும். சின்னமுட்டம், ஆரோக்கியபுரம் பக்கத்தில் அது நடக்காது. "தென்னிந்திய மொழி தெரிந்தவர் உள்ளார்"னு வர்ற பதிலை ஏத்துக்காதீங்க.

பெயர் விஷயத்தையும் சொல்லிடறேன். நம்ம பெயர் ஒரு முதலெழுத்தும் ஒரு பெயரும். அரபி முறை கேட்கிறது தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். அரபி எழுத்தில் 'ப' இல்லை, 'ட' இல்லை. 'மரியதாசன்' அரபியில் ரெண்டு துண்டாகி, திரும்ப ஆங்கிலத்துக்கு வரும்போது 'மரியா தாசன்' ஆயிடும். 'பிரிட்டோ' 'பிரிதூ' ஆயிடும். அந்தோணி, ஆன்றனி, ஆன்டனி மூணும் ஒரே ஆள். தேடுற எழுத்தர் ஒரே எழுத்துக்கூட்டில் தேடி "அப்படி யாரும் இல்லை"ன்னு முடிச்சிடுவார். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, அப்பா பெயர் மூணையும் வச்சுத் தேடணும். இது பயிற்சியில் ஒரு மணி நேரப் பாடம், அதுக்கு மேலே தேவையில்லை.

மணக்குடி_மணல்:

நாஞ்சில் அக்கா சொல்றது சரி. ஆனா இவ்வளவையும் ஒருத்தர் கத்துக்க எத்தனை நாள் ஆகும்? கேட்கிறதுல நியாயம் இருக்கணும்ல?

அரபி_அகராதி:

நல்ல கேள்வி தம்பி. அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு பொதுவில் இருக்கு: ஆங்கிலம் பேசுறவர் அரபியில் வேலைக்குத் தேவையான தேர்ச்சி பெற 88 வாரம், 2200 வகுப்பு மணி. பாரசீகத்துக்கு 44 வாரம். தமிழும் அவங்க பட்டியலில் 44 வார மொழிதான். மூணு வருஷம் இருக்கப்போற உதவியாளருக்கு 88 வாரம் கொடுக்க முடியாது. அதைக் கேட்டா மனு அங்கேயே படுத்துடும்.

கேட்க வேண்டியது குறுகின பயிற்சி. வாரத்துக்கு 5 மணி, 24 வாரம், 300 சொல்: காவல், சிறை, நீதிமன்றம், சம்பளம், மருத்துவமனை, இறப்பு, கடல். குறுகின பயிற்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. எதிராளி எதிர்பார்க்காத வாக்கியத்தைச் சொன்னதும் படிச்சவர் யூகிக்க ஆரம்பிப்பார். அதனால் 'திருப்பிச் சொல்லி உறுதி செய்'ங்கறதைப் பயிற்சியின் முதல் நாளே பழக்கணும். பெயர், எண், தேதி, 'இல்லை' என்கிற எதிர்மறை, இந்த நாலையும் போனை வைக்கிறதுக்கு முன்னாடி திருப்பிச் சொல்லணும். சோதனையில் அதுக்குத் தனி மதிப்பெண்.

தக்கலை_தஸ்தாவேஜு:

அமெரிக்கா பேச்சு வந்ததால் இதையும் எழுதறேன். அங்கே மொழி தேவைப்படுற இடம் எதுன்னு ஆளை வச்சு முடிவு பண்றதில்லை, நாற்காலியை வச்சு முடிவு பண்றாங்க. ஒவ்வொரு பணியிடத்துக்கும் 'இந்த மொழி, பேச்சு இத்தனை, வாசிப்பு இத்தனை'ன்னு 0 முதல் 5 வரை அளவில் குறிச்சு வச்சிருக்காங்க. அப்படிக் குறிச்சதால்தான் அவங்க கணக்காய்வு அலுவலகம் குறையை எண்ணிச் சொல்ல முடிஞ்சது: 2008 அக்டோபர் நிலவரப்படி, மொழி இன்னதுன்னு குறிச்சு வச்ச பணியிடங்களில் இருந்த அதிகாரிகளில் 31 விழுக்காட்டினருக்குத் தேவையான அளவு மொழி இல்லை. 2016 செப்டம்பரில் 23 விழுக்காடு. குறை தீர்ந்துடலை. ஆனா எவ்வளவு குறைன்னு தெரியுது.

நம்ம மனுவின் தலையான கோரிக்கை இதுவா இருக்கட்டும்: வளைகுடா, ஈரான் தூதரகங்களில் தொழிலாளர், கான்சுலர் (நம்ம நாட்டு ஆட்களுக்கு உதவுற) பிரிவு நாற்காலி ஒவ்வொன்றுக்கும் மொழியும் அளவும் குறிக்கணும், உள்ளூர்ப் பணியிடங்களையும் சேர்த்து.

வள்ளவிளை_வலை:

இதுக்கு முன்னாடி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வைக்கலாமா? இன்ன அதிகாரியோட மதிப்பீட்டைக் கேட்கணும்னு சிலர் சொல்றாங்க.

கோட்டாறு_கணக்கர்:

அதைக் கேட்காதீங்க, பத்து ரூபாயும் 30 நாளும் வீண். ஒருத்தரின் பணி மதிப்பீடு அவரது தனிப்பட்ட தகவல்னு கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டுது. பெயர் இல்லாத எண்ணிக்கையைக் கேளுங்க. குறிப்பிட்ட தூதரகத்தில் தொழிலாளர் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பினது எத்தனை, அதில் அரபியில் தேர்ச்சிச் சான்று உள்ளவர் எத்தனை, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை, கடந்த மூணு நிதியாண்டில் மொழிப் பயிற்சிக்கு ஆன செலவு எவ்வளவு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், 6(1) பிரிவு இந்தப் பகுதியின் ஆட்சிமொழியை அனுமதிக்குது. கேள்விகளை ஒரு தூதரகத்துக்கு ஒரு விண்ணப்பமா பிரிச்சுப் போடுங்க. எல்லாத்தையும் ஒண்ணா போட்டா ஒவ்வொரு இடத்துக்கும் மாத்தி மாத்தி அனுப்பியே நாள் போகும்.

உயிர், உடல் சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல்னா 48 மணி நேரத்தில் பதில் தரணும்னு 7(1)-ல் இருக்கு. அது சிறையில் இருக்கிற ஆளைப் பற்றின கேள்விக்கு. புள்ளிவிவரத்தோட அதைக் கலக்காதீங்க.

முட்டம்_கலங்கரை:

சோதனையை யார் நடத்துறதுன்னு இன்னும் முடிவாகலை. தூதரகமே தன் ஆட்களைச் சோதிச்சா எல்லாருக்கும் 8-தான் விழும்.

அரபி_அகராதி:

மேலதிகாரி நடத்தக் கூடாது. நாலு பணி கொடுக்கணும், நாலையும் பதிவு செய்யணும். காவல் நிலையத்துக்கு 5 நிமிட போன்: வழக்கு எண், குற்றச்சாட்டு, நிலையம், அடுத்த நாள், இந்த நாலும் வாங்கணும். ஒரு பக்கக் காவல் அறிக்கை: 20 நிமிடத்தில் ஆறு வரிச் சுருக்கம். தொழிலாளர் அலுவலகத்தில் நடக்கிற மாதிரி மூவர் பேச்சு: 10 நிமிடம் இரு பக்கமும் மொழிபெயர்க்கணும், சம்பளக் கணக்கோட. கடைசியா, அதே விவரத்தை ஊரில் இருக்கிற குடும்பத்துக்குத் தமிழில் போனில் சொல்லணும். பெயர் நீக்கின பதிவை வெளியிலிருந்து ரெண்டு பேர் தனித்தனியா திருத்தணும். நூற்றுக்குப் பத்துக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது ஆள்.

தேர்ச்சி 70-ன்னு வையுங்க. ஆனா முத்தஹமை மஹ்கூம்னு சொன்னாலோ, முகாலஸா வரியைத் தவறவிட்டாலோ, தொகையில் ஒரு சுழியம் விட்டாலோ, மொத்தம் 95 வந்திருந்தாலும் தேர்ச்சி இல்லை.

கோட்டாறு_கணக்கர்:

கடைசி விதி கொஞ்சம் கடுமை. அதை நேரா ஏ.பி.ஏ.ஆரில் ஏத்தினா யாரும் அந்த நாற்காலிக்கு வரமாட்டாங்க, சங்கம் நீதிமன்றம் போகும். முதல் சோதனை பணியில் சேர்ந்த 90 நாளுக்குள், பயிற்சித் தேவையைக் கண்டுபிடிக்க மட்டும். அது அறிக்கையில் ஏறாது. ஒன்பதாம் மாத வாக்கில் ரெண்டாவது. அது 'பணித்திறன்' 30 விழுக்காட்டுக்குள் ஏறட்டும். உள்ளூர்ப் பணியாளருக்கு அதே சோதனையை ஒப்பந்தப் புதுப்பிப்போடும், தேறினா மாதப் படியோடும் சேர்க்கணும். படி இல்லாம சோதனை மட்டும் வச்சா நல்லா பேசத் தெரிஞ்சவர் பக்கத்துக் கம்பெனிக்கு மக்கள் தொடர்பு வேலைக்குப் போயிடுவார்.

அரபி_அகராதி:

90 நாள் யோசனையை ஏத்துக்கறேன். சுழியம் விதியை மட்டும் தளர்த்த வேண்டாம்.

நாஞ்சில்_நடை:

நாலாவது பணிக்குத் தமிழ்க் குரல் பதிவுகள் வேணும்ல. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை, ஒவ்வொண்ணும் ஒன்றரை நிமிடம், முப்பது பதிவு. உண்மையான புகாரை எடுக்கக் கூடாது, கற்பனையா ஒரு சம்பவத்தைக் கொடுத்து ஊர் வழக்கில் பேசச் சொல்லணும். பெண் குரல் பாதிக்கு மேலே இருக்கட்டும், போன் பண்றது பெரும்பாலும் அவங்கதான். ஒவ்வொரு பதிவிலும் ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு படகுப் பெயர், ஒரு கடல் வார்த்தை கட்டாயம் வரணும்.

வள்ளவிளை_வலை:

மனுவின் வரியை மாத்தியாச்சு: "வளைகுடா, ஈரான் தூதரகங்களில் தொழிலாளர், கான்சுலர் பிரிவுகளின் ஒவ்வொரு பணியிடத்துக்கும், உள்ளூர்ப் பணியிடம் உட்பட, தேவையான மொழியையும் பேச்சு, வாசிப்பு அளவையும் தனித்தனியே குறித்து வெளியிட வேண்டும், பணியில் சேர்ந்த 90 நாளுக்குள் வெளியார் மூலம் பணிவழிச் சோதனை நடத்த வேண்டும்." கீழே இணைப்பா அகராதியின் நாலு பணியும், கலங்கரையின் பாகைக் கணக்கும்.

மீனவர் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் ஒரு படி கொடுக்கிறோம். நாஞ்சில் அக்கா, பதிவுக்கான சம்பவத் தாளை நீங்களே எழுதித் தந்தா மேற்குக் கரைக்கு நாங்க ஆள் பார்த்துடுவோம். கிழக்குப் பக்கம் மணக்குடி தம்பி பார்க்கட்டும்.

மணக்குடி_மணல்:

பார்த்துக்கறேன் அண்ணே. ஒரு திருத்தம்: இணைப்பில் படகுப் பெயர்களை எழுத்தில் மட்டும் கொடுக்காதீங்க, பதிவு எண்ணும் போடுங்க. ஒரே புனிதர் பெயரில் ஒரே கரையில் அஞ்சாறு வள்ளம் இருக்கும்.